கண்ணாடியில் சாய்ந்த சிலுவை

நதியாவின் கைபேசி அடித்தால் தெருவில் பேச்சு ஒரு நொடி நின்றுபோகும். குழாயடியில் குடத்தைத் தூக்கப் போனவள் தூக்காமல் பார்ப்பாள். மாவு மில்லுக்குப் போகிறவர் நடையைக் குறைப்பார். நதியா எல்லாருக்கும் கேட்கும்படியே பேசுவாள். "எந்தத் தெருங்க? கீழ் வீடா, மாடியா? பிளக் பாயின்ட் ஹாலுலயே இருக்குதா? தோ, வந்துக்கினே இருக்கோம்." அவள் பேசி முடித்ததும் தெரு மூச்சு விடும். நம் வீடு இல்லை.

அவள் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறாள். வெளியூரில் இருக்கும் பிள்ளை வந்து சேரும்வரை உடல் கெடாமல் இருப்பதற்கான, கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி. அதை ஏற்றிப் போக ஒரு குட்டியானை வண்டி. அதையும் அவளே ஓட்டுகிறாள். நெசவாளர் வீடுகளில் ஹாலைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். தறிக் குழியின்மேல் பலகை போட்டுப் பெட்டியை நிறுத்த அவளுக்குத் தெரியும். கோயிலை ஒட்டிய தெரு என்றால் வேறு தொல்லை. தெருவில் பிணம் கிடக்கும்வரை கோயிலில் பூசை நடக்காது. அமெரிக்காவிலிருந்து வருகிற மகனுக்காக உள்ளே பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், வாசலில் அக்கம்பக்கத்தார் "எப்பம்மா எடுப்பீங்க?" என்று நிற்பார்கள். ஏதோ அவள்தான் ஆளைச் சாகடித்து வைத்திருப்பதுபோல அவளைத்தான் கேட்பார்கள்.

கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. "நான் போய் நின்னா, மாப்பிள்ளையோட தாத்தாவ எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க" என்று சிரிப்பாள்.

சிரித்துச் சொல்ல முடியாத ஒன்றும் இருந்தது. உடலை உள்ளே வைத்து, மூடியைச் சாத்தி, சுவிட்சைப் போட்டால் சற்று நேரத்தில் கண்ணாடி பனிக்கும். முகம் தெரியட்டும் என்று அவள் துணியால் துடைப்பாள். துடைத்த இடத்தில், கண் சிமிட்டும் நேரத்துக்கு, உள்ளே கமல் படுத்திருப்பான். அதற்குப் பிறகுதான் அந்தந்த வீட்டுக் கிழவரோ கிழவியோ தெரிவார்கள். வீட்டுக்கு வீடு இப்படித்தான். பயம் என்று சொல்ல முடியாது. பயந்திருந்தால் தொழிலை விட்டிருப்பாள். துடைக்கப் போகிற தன் கைக்கு இருந்த அவசரம்தான் அவளை நடுங்க வைத்தது.

கமல் அவள் புருஷன். ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஜான் பாஷாவும் அவனும் சேர்ந்துதான் முதல் பெட்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஓடவைத்து, தொழிலை ஆரம்பித்தார்கள். கமல் ஞாயிறு பூசை தவறாதவன். அவனுக்கு ஒரு வழக்கம். பெட்டி வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெயில் கட்டைவிரலை நனைத்து, கண்ணாடியின் உட்பக்கம், தலை வரும் இடத்தில் ஒரு சிலுவை வரைவான். அடுத்து யார் வரப்போகிறார்களோ அவர்களுக்காக. வரைந்தது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி பனித்தால் மட்டும், எண்ணெய் பட்ட இடம் தனியாகத் தெரியும். ஒருமுறை பெட்டி மூடியில் நசுங்கிய விரல் அது. நேராக இழுக்க வராது. குறுக்குக் கோடு எப்போதும் வலப்பக்கம் இறங்கிவிடும்.

"இன்னாய்யா சிலுவை இது? மூட்டை தூக்குற ஆளாட்டம் ஒரு தோள் சாஞ்சுக்கினு இருக்குது?" என்று கேட்டிருக்கிறாள் நதியா.

"அவரு தூக்குறவருதானே" என்றான் கமல்.

அந்தச் சிலுவை ஒருமுறை வம்பை இழுத்து வந்தது. ஒரு நெசவாளர் வீட்டில், நெற்றி நிறைய விபூதியோடு படுத்திருந்த பெரியவரின் முகத்துக்கு நேர்மேலே அது பளிச்சென்று வந்துவிட்டது. மூத்த மகன் தினகரன் கமலைத் தனியே கூப்பிட்டான்.

"ஏம்பா, எங்கப்பா உசுரோட இருந்தவரைக்கும் ஒரு டாக்டர மாத்தச் சொன்னாகூட ஒத்துக்க மாட்டாரு. நீ வந்த ஒடனே மதத்தையே மாத்திட்டியே!"

கமல் கையெடுத்துக் கும்பிட்டு, மூடியைத் திறந்து, சோப்புத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு வந்தான். அதிலிருந்து பெட்டி கிளம்பும்போது எந்த வீடு என்று கேட்டுக்கொள்வான். கிறிஸ்தவ வீடு என்றால் அப்படியே விடுவான். மற்ற வீடு என்றால் சோப்புப் போட்டு அழிப்பான். வரைவதை மட்டும் விடவில்லை.

"அழிக்கத்தானே போற, அப்புறம் எதுக்குப் போடற?"

"அழிச்சாலும், போட்டது போட்டதுதான்."

கொரோனாவின் இரண்டாம் அலையில் ஊரே செத்துக்கொண்டிருந்தபோது, பெட்டிகளுக்கு வேலை இல்லாமல் போனது. உடல்கள் ஆஸ்பத்திரியிலிருந்தே நேராகப் போய்விட்டன. வேலை இல்லாவிட்டாலும் கமலுக்குக் கை சும்மா இருக்காது. மூச்சு வாங்க வாங்கப் பழைய பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவனை ஜான் பாஷாதான் திட்டி, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். திரும்பி வந்தது ஒரு பொட்டலம். முகத்தைத் திறக்கக் கூடாது என்றார்கள். ஊரில் அத்தனை பேரைக் கண்ணாடிக்குள் படுக்கவைத்து, உறவுக்காரர்கள் பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றவன், தன் பெட்டியில் ஒரு மணி நேரம்கூடப் படுக்கவில்லை.

அமரர் ஊர்தி கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோது, கேட்டுக்குக் குறுக்கே ஒரு பைக் நின்றது. ராஜவேலுவின் பைக். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையில் இருந்தவர். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் முதல் ஆளாகச் சிலுவை தூக்குகிறவர். கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அவருக்குப் பின்னால் கும்பல் இருந்தது. அவர் கத்தவில்லை. தன்மையாகத்தான் பேசினார்.

"புரிஞ்சுக்கம்மா நதியா. பக்கத்துலயே கெணறு இருக்குது. எங்க வூட்டுப் புள்ளைங்க இருக்குது. வேற எடம் பாத்துக்கம்மா."

ஊர்தி திரும்பியது. கமலை நகராட்சி மயானத்தில் எரித்தார்கள். சாம்பல் வாங்க ஜான் பாஷா போனபோது, அங்கே யாருடையது எது என்று யாருக்கும் தெரியவில்லை. வெறுங்கையோடு வந்தார்.

கல்லறைத் திருநாள் வந்தால் எல்லாரும் அவரவர் குழிக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். நதியா மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் நடுவில் இருக்கும் பொதுச் சிலுவையின் அடியில் ஏற்றிவிட்டு வந்துவிடுவாள். காற்றில் அது பெரும்பாலும் அணைந்துவிடும்.

ஞாயிறு பூசைக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் பரலோக மந்திரத்தில் 'தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல' என்கிற வரி வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். ஆண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சில், ராஜவேலுவின் பிடரி தெரியும். அந்த வரி முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வரியைச் சொல்லாதவள் எந்த முகத்தோடு போய்ச் சாமியார் கையில் நன்மை என்கிற அப்பத்தை வாங்குவது? எல்லாரும் வரிசையில் போக, அவள் உட்கார்ந்தே இருப்பாள். அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள் அவள் முழங்காலைத் தாண்டிப் போய்த் தாண்டி வருவார்கள். வருஷங்கள் இப்படியே ஓடின.

பங்குச் சாமியார் இளவயதுக்காரர். ஒருநாள் வண்டிக்கருகே வந்து கேட்டார்.

"மனசுல வரலைன்னாலும் வாயால சொல்லுங்களேன், நதியாம்மா. வாய் முன்னால போனா மனசு பின்னாலயே வந்துடும்."

"நான் வண்டி ஓட்றவ, ஃபாதர். பின்னாடி ஆள் ஏறலைன்னா வண்டிய எடுக்க மாட்டேன்."

சாமியார் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நன்மை இல்லாத பூசை அவளுக்குச் சாவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்புவது மாதிரி இருந்தது. பசித்தது. நிஜமாகவே வயிற்றில் பசித்தது. ஆனால் அந்த வரியைச் சொன்னால் கமலை இன்னொரு முறை அந்தக் கேட்டிலிருந்து திருப்பி அனுப்புவதாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

போன கத்திரி வெயிலில் ஒரு நாள், மத்தியான நேரத்தில் கைபேசி அடித்தது.

"நதியா... நான் பட்டம்மாள் பேசறேன்."

ராஜவேலுவின் மனைவி.

"அவரு போயிட்டாரும்மா. சாப்ட்டுக்கினே இருந்தாரு, சாஞ்சுட்டாரு. பையன் குவைத்துல இருந்து வரணும். வெயிலுக்கு எங்கயும் பெட்டி இல்லைன்றாங்க."

"என் பெட்டி ஓரிக்கையில ஒரு வூட்ல இருக்குது, அத்தை."

"பழசு ஒண்ணு வச்சிருக்கியாமே."

பழைய பெட்டி நதியாவின் முன்னறையில், போர்வை போர்த்தியபடி இருந்தது. கமலும் ஜான் பாஷாவும் முதன்முதலில் வாங்கியது. அவன் போனபின் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. சென்னையில் நர்சிங் படிக்கும் மகள் சத்யப்ரியா லீவுக்கு வந்தால், "இத வித்துடும்மா, பக்கத்துல படுத்தா தூக்கமே வரல" என்பாள். நதியா விற்கவில்லை. திறக்கவும் இல்லை.

ஜான் பாஷாவை வரச்சொன்னாள். அவர் கேட்டதும் கொதித்துப்போனார்.

"அந்த ஆளுக்கா? கமல் பெட்டியா? முடியாதுன்னு சொல்லு. கம்ப்ரசர் போச்சுன்னு நான் சொல்றேன்."

"போச்சா, பாய்?"

"எங்க போவும்? மாசாமாசம் நீ வண்டியில போனப்புறம், மூடியத் தொறக்காமலே நான்தானே வந்து ஓட்டிப் பாக்கறேன்."

"அப்போ பொய் சொல்லுவீங்களா?"

"அல்லாகிட்ட நான் பேசிக்கறேன். நீ உங்க ஆள்கிட்ட பேசிக்க."

அவள் வண்டிச் சாவியை எடுத்தாள். இரக்கம் அவளைக் கிளப்பவில்லை. அவர் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கமலின் முகத்தைப் பார்க்காமல் அனுப்பியவள், கேட்டை மறித்தவரின் முகத்தை நின்று நிதானமாகப் பார்ப்பாள். அவர் குளிரில் கிடப்பதைப் பார்ப்பாள். தன் மனத்துக்குள் இப்படி ஓடுவது அவளுக்கே தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் போர்வையை இழுத்தாள்.

பெட்டி வெளியே போகும்முன் கழுவித்தான் அனுப்ப வேண்டும். அவள் வெளித்தூசியை மட்டும் தட்டினாள். உள்ளே துணி போடவில்லை. அவருக்கு இது போதும் என்று நினைத்தாள்.

ராஜவேலுவின் வீட்டில் இடம் தாராளமாக இருந்தது. ஜான் பாஷா முணுமுணுத்தபடியே கூட வந்திருந்தார். நாலு பேர் சேர்ந்து உடலைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். வெள்ளை வேட்டி, விரல்களில் சுற்றிய ஜெபமாலை. நதியா மூடியைச் சாத்திச் சுவிட்சைப் போட்டாள். பழைய கம்ப்ரசர் இருமிவிட்டு, 'டொக் டொக்' என்று ஒரு தட்டலோடு ஓட ஆரம்பித்தது. அந்தத் தட்டலை அவள் மறந்தே போயிருந்தாள். முன்னறையில் கமல் தூங்க, சரிபார்ப்பதற்காகப் பக்கத்தில் அது ஓடிக்கொண்டிருந்த நாட்கள் மொத்தமாக அந்த ஹாலுக்குள் வந்து நின்றன. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கண்ணாடி பனித்தது. அவள் துணியோடு குனிந்தாள். துடைத்தாள். கமலுக்காகக் காத்திருந்தாள்.

ராஜவேலுதான் இருந்தார். மூக்கில் பஞ்சு, தாடையைக் கட்டிய துணி, ஒட்டிய கன்னம். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மறுபடி துடைத்தாள். ராஜவேலுதான்.

இதற்குள் வருகிறவர்கள் மாலை வைக்கவும் தொட்டு அழவும் இரண்டு மூன்று முறை மூடியைத் திறந்து சாத்தினார்கள். வெளிக்காற்று புகுந்து கண்ணாடி உட்பக்கமும் வெளுத்தது. அந்த வெளுப்பில், முகத்துக்கு நேர்மேலே, ஒரு கோடு தெரிந்தது. அதன் குறுக்கே இன்னொரு கோடு. அது வலப்பக்கம் இறங்கியிருந்தது.

பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அடங்கினார்கள். பட்டம்மாள் எழுந்து வந்து பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. அது உள்ளே இருந்தது.

"நீ போட்டியாம்மா?" என்றாள். "இவருக்கு... நீயா போட்ட?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை கண்களும் அதைத்தான் கேட்டன.

"நான் போடல, அத்தை" என்றாள் நதியா. "அது கமல் போட்டது."

பெட்டி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க வாங்க அவன் கடைசியாகக் கழுவிய பெட்டி. கழுவி, காயவைத்து, விரலை எண்ணெயில் நனைத்து, அடுத்து வரப்போகிறவருக்காக வரைந்திருக்கிறான். அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. அந்த அடுத்தவர் இவர்.

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "மூடியத் தூக்குங்க, பாய். கண்ணாடி அழுக்கா இருக்குது, கழுவணும்" என்றாள். வண்டியிலிருந்து சோப்புத் துணியைக் கொண்டுவந்தாள். ஜான் பாஷா மறுபக்கம் நின்று மூடியைத் தூக்கிப் பிடித்தார். குளிர் முகத்தில் அடித்தது. அவள் கையை உள்ளே விட்டு, கண்ணாடியில் துணியை வைத்தாள். கட்டைவிரல் அந்தச் சாய்ந்த கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது. லேசான பிசுக்கு. பெட்டிக்குள் நாள்பட்ட எண்ணெய் வாசனை.

அழித்தால் ராஜவேலுவுக்கு அது கிடைக்காது. ஆனால் கமலுக்குக் குழி இல்லை, சாம்பல் இல்லை. அவன் கைபட்டது என்று பூமியில் மிச்சம் இருப்பது இந்த இரண்டு கோடுகள்தான். வைத்துக்கொள்ள வேண்டுமானால், இந்த மனிதரின் முகத்துக்கு மேலேதான் விட்டுவைக்க வேண்டும்.

"அழிக்கறியா?" என்று ஜான் பாஷா மெதுவாகக் கேட்டார். "கை வலிக்குது. சொல்லு."

நதியா துணியை எடுத்துவிட்டாள். "சாத்துங்க" என்றாள்.

பட்டம்மாள் அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்: "ரெண்டு வூடுதான் தள்ளி. அன்னிலேர்ந்து இவரு அந்த கேட் பக்கம் நடக்கவே மாட்டாரு. கோயிலுக்குக்கூட ஏரிக்கரையச் சுத்திக்கினுதான் போவாரு. ஏன்யான்னு கேட்டா முட்டி வலின்னுவாரு. முட்டி வலிக்கிற ஆளு யாராவது சுத்திக்கினு போவாங்களா? நாளைக்கு அந்த வழியாத்தான் தூக்கினு போவணும்."

அவருக்கும் தூக்கம் இல்லாமல் இருந்திருக்கும் என்று நதியா நினைத்துப் பார்த்தாள். அதில் சந்தோஷமும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் சாமியார் வந்தார். பங்கு மக்கள் வாசல்வரை நின்றார்கள். ஜெபமாலை ஆரம்பித்தது. பரலோக மந்திரத்தை ஊர் ராகத்தில் எல்லாரும் இழுத்தார்கள். அந்த வரி நெருங்கியது. வழக்கமாக அவள் பார்க்கும் பிடரி இன்று இல்லை, தலையணைமேல் கிடந்தது. அவள் சிலுவையைப் பார்த்தாள். பக்கத்தில் யாரோ கம்மிய குரலில் அந்த வரியைச் சொன்னார்கள். யாரென்று திரும்பிப் பார்க்கப் போனபோதுதான் தன் குரல் என்று தெரிந்தது. வண்டியில் ஆள் ஏறிவிட்டதா என்று அவளுக்குத் தெரியாது. வண்டி கிளம்பிவிட்டது.

அடக்கம் முடிந்து பெட்டி வீட்டுக்கு வந்தது. எல்லா இடமும் கழுவினாள், கண்ணாடியின் தலைமாட்டைத் தவிர. அந்த வாரமே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து வரிசையில் போய் நின்றாள். முழங்காலைத் தாண்டிப் போய்ப் பழகியவர்கள், அவள் எழுந்ததும் தடுமாறி வழிவிட்டார்கள். நாக்கில் அப்பம் கரைந்தது. வானம் ஒன்றும் திறக்கவில்லை. பசி மட்டும் அடங்கியது.

அடுத்த அழைப்பு லோகாம்பாள் என்ற ரிட்டயர்டு டீச்சர் வீட்டிலிருந்து. புதுப் பெட்டியைத்தான் கொண்டுபோனாள். உடலை வைத்து, மூடி, சுவிட்சைப் போட்டாள். கண்ணாடி பனித்தது. துணியோடு குனிந்து துடைத்தாள். மஞ்சள் பூசிய முகம், நெற்றியில் அகலப் பொட்டு. லோகாம்பாள் டீச்சர்.

முன்பெல்லாம் கண் சிமிட்டும் நேரம் இருக்கும். அந்த நேரம் இப்போது இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் டீச்சரைத் தவிர ஒருவரும் இல்லை. ராஜவேலுவின் வீட்டில் துடைத்தபோதே போய்விட்டானோ? அந்த வரியைச் சொன்னபோது போனானோ? எங்கே போனான்? கேட்டைத் தாண்டி உள்ளேயா?

இத்தனை வருஷம் வந்துகொண்டிருந்தவன் போய்விட்டான் என்றால் ஒரு கிறிஸ்தவள் சந்தோஷப்பட வேண்டும். அவளுக்குத் தெரியும். கண்ணாடி மறுபடி பனிக்கும்வரை நின்றாள். மறுபடி துடைத்தாள்.

"இன்னாம்மா அப்பிடித் தேடற?" என்றாள் டீச்சரின் மருமகள் ஏலவார்குழலி. "சரியாத்தானே தெரியுது?"

"தெரியுதும்மா" என்றாள் நதியா. "நல்லா தெரியுது."

துணியை மடித்தவள், மடித்ததைப் பிரித்து, இன்னொரு முறை துடைத்தாள்.